240 என்றால் எவ்வளவு?

தஞ்சாவூரோ திருவாரூரோ, மூச்சுத் திணறலோடு வைரஸ் காய்ச்சல் நோயாளி ஒருவர் வந்து இறங்கியதும் விரல் நுனியில் ஒரு குத்து விழும். ஜிஆர்பிஎஸ், அதாவது மீட்டரில் பார்த்த அந்த நேரத்து ரத்தச் சர்க்கரை என்று கேஸ் ஷீட்டில் ஒரு எண் ஏறும். அடுத்தடுத்த கட்டிலில் இருக்கும் இருவருக்கும் அது 240 என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர். இன்னொருவருக்குச் சர்க்கரையே கிடையாது. கூட வந்தவர்கள் முதலாமவரை நினைத்துத்தான் பதறுவார்கள். ஆனால் அந்த 240 பெரும்பாலும் கூடுதல் ஆபத்தைச் சொல்வது இரண்டாமவருக்கு.

நொடிக்கு 10,000 கன அடி தண்ணீர் கொள்ளிடத்துக்கு ஒரு பொருட்டே அல்ல. அதையே அரசலாற்றில் திருப்பினால் கரை நிற்காது. ரத்தச் சர்க்கரையும் அப்படித்தான். இன்று எவ்வளவு ஓடுகிறது என்பதோடு, அந்த உடம்பில் வழக்கமாக எவ்வளவு ஓடும் என்பதும் தெரிய வேண்டும். வழக்கத்தைச் சொல்வது எச்பிஏ1சி, அதாவது ரத்தச் சிவப்பணுக்களில் ஒட்டிய சர்க்கரையை வைத்து மூன்று மாதச் சராசரியை விழுக்காட்டில் காட்டும் பரிசோதனை. அதை 28.7-ஆல் பெருக்கி 46.7-ஐக் கழித்தால் சராசரிச் சர்க்கரை டெசிலிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று கிடைக்கும். முதலாமவரின் எச்பிஏ1சி 9.5 என்றால் சராசரி 226. இன்றைய 240-ஐ அதால் வகுத்தால் 1.06, வழக்கத்தைவிடக் கொஞ்சம்தான் கூடியிருக்கிறது. இரண்டாமவருக்கு 5.6 என்றால் சராசரி 114, விகிதம் 2.1. இரண்டு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளிடம், கோவிட் நோயாளிகள் உட்பட, இந்த விகிதம் கூடக்கூட இறப்பும் கூடுவதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சர்க்கரைதான் கொல்கிறது என்று இதற்குப் பொருளில்லை. நோய் உடம்பை எவ்வளவு உலுக்கியிருக்கிறது என்பதைச் சர்க்கரை காட்டிக்கொடுக்கிறது.

உலுக்கல் நடக்கும் விதம் இது. கடும் தொற்றில் அட்ரினலின், கார்ட்டிசால், குளுக்ககான் ஆகிய மூன்று ஹார்மோன்களும் ஏறுகின்றன. சர்க்கரைக் கையிருப்பைத் திறந்துவிடு என்று கல்லீரலுக்கு உத்தரவு போகிறது. அந்தக் கையிருப்பு ஒரு நாளுக்குத்தான் காணும். பத்தாயம் காலியானபின் விதைநெல்லில் கை வைப்பது போல, உடம்பு அடுத்து தசைப் புரதத்தை உடைத்துச் சர்க்கரை செய்கிறது. ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருட்கள் இன்சுலின் சொல்வதைத் தசையின் காதில் விழாமல் செய்துவிடுகின்றன. வரத்து கூடி, வடிகால் அடைபட்ட நிலை. தேங்கிய சர்க்கரை ரத்தக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கும், வெள்ளணுக்களை மந்தமாக்கும், ரத்தம் உறைவதை எளிதாக்கும்.

தொப்பைக் கொழுப்பு உள்ளவரிடம் இந்த அழற்சி காய்ச்சலுக்கு முன்பே புகைந்துகொண்டிருக்கும். இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது நமக்கான எல்லை. 2023-ல் வெளியான தேசிய ஆய்வில் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தில் பெரியவர்களில் 26.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். நம் கடைமடையிலுள்ள காரைக்காலும் அந்தப் பிரதேசத்தில்தான் சேர்த்தி.

கணக்கு எளிது, உள்ளே போடும் எண்கள்தான் ஏமாற்றும். குளுக்கோஸ் தண்ணீர் டம்ளரைப் பிடித்த விரலைக் கழுவாமல் குத்தினால் மீட்டர் 300-ம் காட்டும். டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) டிரிப் ஓடும் கையிலேயே ரத்தம் எடுத்தாலும் இதே கதி. ரத்த அழுத்தம் விழுந்து விரல் சில்லிட்டிருந்தால் விரல்குத்து அளவை நம்பக் கூடாது. ரத்தக்குழாயிலிருந்து எடுத்துத்தான் பார்க்க வேண்டும். சாதாரணக் குழாயில் எடுத்து லேபுக்கு அனுப்பத் தாமதித்தால், குழாய்க்குள்ளிருக்கும் அணுக்களே மணிக்குச் சுமார் 5 முதல் 7 விழுக்காடு சர்க்கரையைத் தின்றுவிடும். சாம்பல் மூடிக் குழாய் இருப்பது அதைத் தடுக்கத்தான்.

எச்பிஏ1சி-க்கும் ஒரு சிக்கல் உண்டு. இரும்புச்சத்துக் குறைவால் வரும் ரத்தசோகையில் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டும். நடவு, களை என்று வயலில் நிற்கும் பெண்களிடம் ரத்தசோகை சகஜம் என்பதால் ஹீமோகுளோபினையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். ரத்தம் ஏற்றியபின் எடுத்தால் அது இன்னொருவர் அணுக்களின் கதையும் கலந்த எண். ஆகவே ஏற்றுவதற்கு முன்பே ஒரு குழாய் எடுத்து வைத்துவிட வேண்டும். நாலைந்து நாள் காய்ச்சல் இந்த எண்ணைப் பெரிதாக அசைக்காது.

ரத்தக் கொழுப்பான டிரைகிளிசரைடையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் பெருக்கி, பாதியாக்கி, மடக்கை எடுத்து இன்சுலின் எதிர்ப்பைக் கணிக்கும் குறியீடு ஒன்றும் இப்போது பேசப்படுகிறது. வென்டிலேட்டர் நோயாளிக்கு அதை எச்சரிக்கையாகவே பார்க்க வேண்டும். மயக்கத்துக்குக் கொடுக்கும் வெள்ளை மருந்தான புரோப்பஃபால் கொழுப்புக் குழம்பில் கரைத்தது. அதுவே டிரைகிளிசரைடை ஏற்றிவிடும். கடும் தொற்றில் கொலஸ்ட்ரால் குறைந்து வந்தால் அது மகிழ வேண்டிய செய்தியும் அல்ல.

சரி, 240-ஐ எவ்வளவுக்கு இறக்குவது? ஆரோக்கியமானவரைப் போல 81-108-க்குள் கொண்டுவந்தால் நல்லது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். 2009-ல் வெளியான நைஸ்-சுகர் ஆய்வு, தீவிர சிகிச்சையில் இருந்த 6,104 நோயாளிகளைப் பார்த்து அதைத் தவறென்று காட்டியது. சர்க்கரையை இறுக்கிப் பிடித்த நோயாளிகளில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 27.5 விழுக்காடு, 180-க்குள் விட்டவர்களில் 24.9. இறுக்கியதில் தாழ்சர்க்கரை பல மடங்கு கூடியது. மயக்க மருந்தில் இருப்பவரால் “படபடன்னு வருது சிஸ்டர்” என்று சொல்ல முடியாது. இப்போது பொதுவான இலக்கு 140-180.

அதற்கு வழி இன்சுலின் பம்ப்: 50 யூனிட் ரெகுலர் இன்சுலினை 50 மில்லி சலைனில் சேர்த்தால் ஒரு மில்லிக்கு ஒரு யூனிட். தவறு நுழையும் இடம் இதுதான். நம் ஊர்க் குப்பி பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட்; அதற்குச் சிவப்பு மூடி ஊசி. மில்லிக்கு 100 யூனிட் உள்ளதற்கு ஆரஞ்சு மூடி ஊசி. 40 குப்பியிலிருந்து 50 யூனிட் வேண்டுமென்றால் 1.25 மில்லி. அவசரத்தில் ஆரஞ்சு மூடி ஊசியில் 50 கோடு வரை இழுத்தால் போவது அரை மில்லி, அதாவது வெறும் 20 யூனிட். சுகர் இறங்கவில்லையே என்று பம்பைக் கூட்டிக்கொண்டே போவார்கள். அடுத்த ஷிப்ட் சரியாகக் கலந்து அதே வேகத்தில் விட்டதும் சுகர் தரைக்கு வரும். புதுக் குழாயில் முதல் 20 மில்லியை ஓடவிட்டுக் கொட்டிவிட வேண்டும், இன்சுலின் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் முதலில் அதை ஏற்ற வேண்டும், ஏனென்றால் இன்சுலின் அதை இன்னும் இறக்கி இதயத் துடிப்பைக் குலைக்கும். ஸ்கேனுக்குக் கொண்டுபோகும்போது மூக்குக் குழாய் உணவை நிறுத்திவிட்டுப் பம்பை மட்டும் ஓடவிடுவது இன்னொரு பழைய தவறு.

கோவிடில் டெக்சாமெத்தசோன் என்னும் ஸ்டீராய்டு உயிர் காத்தது உண்மை. 2020-ல் ரெகவரி ஆய்வில், வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு 41.4-லிருந்து 29.3 விழுக்காடாகக் குறைந்தது. கொடுத்தது நாளுக்கு 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலன் கிடைக்கவில்லை. இந்த மருந்தைக் காலையில் போட்டால் மதியத்துக்குமேல் சுகர் ஏறும். காலை அளவை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். 2021-ல் கறுப்புப் பூஞ்சை அத்தனை பேரைப் பிடித்ததில், கட்டுக்கடங்காத சர்க்கரையோடு தேவைக்கு மீறிய ஸ்டீராய்டும் சேர்ந்திருந்தது.

வீட்டில் நடக்கும் தவறு வேறு மாதிரி. “கஞ்சிகூட இறங்கல, அதனால மாத்திரை போடல” என்பார்கள். எல்லா மருந்துக்கும் இது ஒன்றல்ல. இன்சுலினை முழுதாக நிறுத்துவது ஆபத்து. சாப்பிடாவிட்டாலும் கல்லீரல் சர்க்கரை செய்துகொண்டுதான் இருக்கும். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரையை, சாப்பாடு இறங்காத நாளில் டாக்டரைக் கேட்டு நிறுத்தத்தான் வேண்டும். அதைத் தொடர்ந்தால் சர்க்கரை 180 என்று சாதுவாகக் காட்டும்போதே ரத்தம் அமிலமாகிவிடலாம். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு மூன்றும் இருந்தால் சுகரோடு, ரத்தத்தை அமிலமாக்கும் கீட்டோனும் பார்க்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மூச்சு வாங்குவதை வைரஸ் நுரையீரல் என்று மட்டும் தவறாக முடிவுகட்டிவிட இடம் இருக்கிறது.

நோயாளியை வண்டியில் ஏற்றும்போது ஆதார் அட்டையோடு கடைசி எச்பிஏ1சி சீட்டையும் மாத்திரை அட்டைகளையும் ஒரே பையில் போடுங்கள். சீட்டின் தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால், வகுக்க வேண்டிய எண் கேஷுவாலிட்டி மேசையிலேயே கிடைத்துவிடும்.