ஸ்ப்ளாட்டர் படம்: பொருள், பிறப்பு, தமிழ்ச்சொல்

ஸ்ப்ளாட்டர்: திரைப்பட வகைப்பெயர். ரத்தம் பீய்ச்சி அடிப்பதையும் உடல் சிதைவதையும் மறைக்காமல், அதையே முதன்மைக் காட்சியாக வைக்கும் திகில் படம். தமிழில் குருதித்தெறிப்புப் படம். சுருக்கமாகத் தெறிப்புப் படம்.

அகராதிக்கு இது போதும். ஆனால் இந்தச் சொல் எங்கே பிறந்தது, ஏன் கையில் காசில்லாதவர்களோடும் ஜாம்பிகளோடும் ஒட்டிக்கொண்டது என்று பார்த்தால்தான் அந்தத் தமிழ்ச்சொல் ஏன் பொருந்துகிறது என்பது விளங்கும்.

ஆங்கிலத்தில் இது சினிமாவுக்கு முன்பே புழங்கிய சொல். சேறோ வண்ணமோ குழம்போ திட்டுத்திட்டாகச் சிதறி அப்பிக்கொள்வதைக் குறிக்கும். 'ஸ்ப்ளாஷ்', 'ஸ்பாட்டர்' என்ற இரண்டும் கலந்து உருவானது என்பது அகராதிகள் தரும் விளக்கம். படங்களுக்கு இந்தப் பெயரைச் சூட்டியவராக இயக்குநர் ஜார்ஜ் ரொமேரோவைச் சொல்வார்கள். 1978இல் வந்த தன் 'டான் ஆஃப் தி டெட்' படத்தைப் பற்றிப் பேசும்போது அவர் பயன்படுத்திய சொல் அது. 1981இல் ஜான் மெக்கார்ட்டி இச்சொல்லைத் தலைப்பிலேயே வைத்து ஒரு நூல் எழுதினார். அதன்பின் சொல் நிலைத்துவிட்டது.

பெயர் பிந்தியது, சரக்கு முந்தியது. பாரிஸில் 1897 முதல் 1962 வரை 'கிராண்ட் கின்யோல்' என்ற நாடக அரங்கு மேடையிலேயே கண்ணைத் தோண்டி, கழுத்தை அறுத்துக் காட்டிக் கூட்டம் சேர்த்தது. அது மூடிய அடுத்த ஆண்டு, 1963இல், அமெரிக்காவின் மயாமியில் ஹெர்ஷல் கார்டன் லூயிஸ் 'பிளட் ஃபீஸ்ட்' எடுத்தார். செலவு ஏறத்தாழ 24,500 டாலர். நடிப்பு மரக்கட்டை, கதை அதைவிட மோசம். ஆனால் பெரிய ஸ்டூடியோக்கள் காட்டத் துணியாத ஒன்றை, வண்ணத்தில், நெருக்கத்தில் காட்டியது. முதல் தெறிப்புப் படம் என்று பலரும் இதைத்தான் சொல்கிறார்கள். லூயிஸ் விளம்பரத் தொழிலிலிருந்து வந்தவர். எதை விற்கலாம் என்று கணக்குப் போட்டே எடுத்தார்.

இங்கே இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்வது நல்லது. 'ஸ்லாஷர்' என்பது கத்தியோடு ஒருவன் துரத்தித் துரத்திக் கொல்லும் படம். அங்கே கொலைகாரன்தான் மையம். ஸ்ப்ளாட்டரில் மையம் ரத்தம். 'கோர்' என்பது உறைந்த ரத்தமும் சதையும். பழைய ஆங்கிலத்தில் சாணம், அழுக்கு என்ற பொருளில் தொடங்கிய சொல். நம்மிடம் 'நிணம்' இருக்கிறது, அதற்குப் பக்கத்தில் வரும்.

இனி ஜாம்பி. சொல் கரீபியன் கடலில் இருக்கும் ஹெய்ட்டியிலிருந்து வந்தது. வேர் மத்திய ஆப்பிரிக்காவின் கொங்கோ மொழிகளில் என்று கருதப்படுகிறது. ஹெய்ட்டி நம்பிக்கையில் ஜாம்பி யாரையும் கடிக்காது. மந்திரவாதி செத்தவனை எழுப்பி வயலில் வேலை வாங்குவான், அவ்வளவுதான். கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாகச் செத்த மக்களுக்கு, செத்த பிறகும் வேலை தீராது என்பதைவிடப் பெரிய பயம் என்ன இருக்க முடியும்? ஜாம்பியைக் கண்டு அல்ல, ஜாம்பி ஆகிவிடுவோமோ என்றுதான் அவர்கள் அஞ்சினார்கள். இன்னொன்றும் உண்டு: ஜாம்பிக்கு உப்புப் போட்டுச் சாப்பாடு கொடுக்கக் கூடாது. நாக்கில் உப்புப் பட்டால் தன் நிலை தெரிந்து விழித்துக்கொள்ளும். 'சோத்துல உப்புப் போட்டுத்தானே திங்கிற?' என்று கேட்கும் ஊர்க்காரர்களான நமக்கு இதற்கு உரை எழுதவே வேண்டாம்.

1929இல் வில்லியம் சீபுரூக் எழுதிய பயண நூல் வழியாக இச்சொல் அமெரிக்காவில் பரவியது. 1932இலேயே படமும் வந்துவிட்டது. ஆனால் இன்று நாம் ஜாம்பி என்றவுடன் நினைக்கிற, மனிதரைத் தின்கிற பிணக்கூட்டம் 1968இல் பென்சில்வேனியாவில் பிறந்தது. ரொமேரோவும் நண்பர்களும் ஆளுக்கு 600 டாலர் போட்டுப் பத்துப்பேராகத் தொடங்கிய 'நைட் ஆஃப் தி லிவிங் டெட்' கடைசியில் 1,14,000 டாலரில் முடிந்தது. படத்தில் 'ஜாம்பி' என்ற சொல் ஒரு தடவைகூட வராது. 'கூல்' (ghoul) என்றுதான் சொல்வார்கள். அது அரபியிலிருந்து வந்த சொல், நம் பிணந்தின்னி. ரசிகர்கள்தான் ஜாம்பி என்று பெயர் மாற்றினார்கள்.

அந்தப் படத்தின் ரத்தம் சாக்லேட் சிரப். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் யாருக்குத் தெரியப்போகிறது? தின்னும் சதை, சாக்லேட் பூசிய பன்றி இறைச்சி. பணம் போட்டவர்களில் ஒருவர் கறிக்கடைக்காரர். குடலும் ஈரலும் அவர் தயவு. படத்தின் தலைப்பைக் கடைசி நேரத்தில் மாற்றியபோது காப்புரிமை அறிவிப்பு விடுபட்டுப் போக, படம் பொதுச்சொத்தாகிவிட்டது. யார் வேண்டுமானாலும் திரையிடலாம், விற்கலாம். எடுத்தவர்களுக்கு நட்டம்தான். ஆனால் உலகம் முழுவதும் காசில்லாத இளைஞர்கள் கண்ணில் இந்தப் படம் பட்டதற்கு அந்த நட்டமும் ஒரு காரணம்.

பார்த்தவர்களுக்கு உடனே புரிந்த விஷயம் ஒன்று. பேய்க்கதை உருவங்களிலேயே மலிவானது ஜாம்பிதான். வேற்றுக்கிரகவாசிக்கு முகமூடி வேண்டும், ரத்தக்காட்டேரிக்கு அரண்மனை வேண்டும். ஜாம்பிக்கு நண்பன் ஒருவன், கிழிந்த சட்டை, கொஞ்சம் சாம்பல் நிற மாவு. வசனம் கிடையாது, நடிக்கத் தெரியாவிட்டால் இன்னும் நல்லது. மெதுவாக நடப்பதால் சண்டைப் பயிற்சியாளரும் வேண்டாம். தமிழில் சிலர் 'சோம்பி' என்று எழுதுவது ஒலிபெயர்ப்பாகத் தவறாக இருக்கலாம், அந்த நடைக்கு என்னவோ கச்சிதம்.

ரத்தமும் அப்படித்தான், சமையலறைப் பொருள். 1981இல் வந்த 'தி ஈவில் டெட்' படத்துக்கு சாம் ரெய்மியும் நண்பர்களும் டென்னசியில் ஒரு காட்டுக் குடிசையில் கடையில் வாங்கிய சோளச் சிரப்பைக் குடம் குடமாகக் கலக்கினார்கள். வெறும் சிரப்பில் சிவப்புச் சாயம் கலந்தால் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும். பார்த்தால் ரத்தம் போலவே இருக்காது. காப்பியில் போடும் பால்பொடி மாதிரியான கிரீமர் தூளைச் சேர்த்ததும் கெட்டிப்பட்டு, மங்கி, நம்பும்படி ஆனது. பிசுபிசுப்புக்குத்தான் மருந்தில்லை. ரத்தத்தில் ஊறிய தன் சட்டையைத் தீயருகே காயவைத்தபோது அது கல்லாக இறுகி உடைந்ததாகக் கதாநாயகன் புரூஸ் கேம்ப்பெல் சொல்லியிருக்கிறார்.

நியூசிலாந்தில் பீட்டர் ஜாக்சன் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே, வார இறுதிகளில் நான்கு ஆண்டுகள் எடுத்த படம் 'பேட் டேஸ்ட்' (1987). முகமூடிகளை அம்மாவின் சமையலறை ஓவனில் வேகவைத்தார். ஆள் பற்றாமல் இரண்டு வேடம் போட்டார். மலைவிளிம்பில் அவரும் அவரும் மோதும் காட்சியே உண்டு. ஒருவனுக்குத் தாடி, இன்னொருவனுக்குக் கிடையாது. 1992இல் 'பிரெய்ன்டெட்' படத்தில் கையில் கொஞ்சம் காசு வந்ததும் புல்வெட்டும் இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு ஒரு வீடு நிறைந்த ஜாம்பிகளுக்குள் கதாநாயகனைப் புகவிட்டார். பார்க்கிறவன் முதலில் முகம் சுளிப்பான். கொஞ்ச நேரத்தில் அளவு மீறிப்போய் சிரிக்க ஆரம்பித்துவிடுவான். இந்த வகைக்கு 'ஸ்ப்ளாட்ஸ்டிக்' என்று தனிப் பெயரே உண்டு.

என் கணிப்பில் இந்தப் படங்களின் ஈர்ப்பு இதுதான்: கொலையை அல்ல, கைவேலையைப் பார்க்கிறோம். தலை வெடித்ததும் ரசிகன் கேட்பது 'ஐயோ பாவம்' அல்ல, 'இதை எப்படிடா செஞ்சானுங்க?' காசு போட்ட படத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் கணினி. காசில்லாத படத்தில் யாரோ ஒருவன் கேமரா சட்டகத்துக்கு வெளியே குனிந்து உட்கார்ந்து குழாயை அமுக்கியிருக்கிறான். 2008இல் மார்க் பிரைஸ் பிரிட்டனில் எடுத்த 'காலின்' 45 பவுண்டில் முடிந்தது என்றார்கள். செலவானது ஒரு கடப்பாரைக்கும் சில டேப்புகளுக்கும் டீ காப்பிக்கும். 2017இல் ஜப்பானில் ஷினிச்சிரோ உவேதா 30 லட்சம் யென்னில் எடுத்த 'ஒன் கட் ஆஃப் தி டெட்' இந்தக் கைவேலையையே கதையாக்கியது. முதல் 37 நிமிடம் காட்சி வெட்டே இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடும் ஒரு சொதப்பல் ஜாம்பி படம். மிச்சம், அந்தச் சொதப்பல்களுக்குப் பின்னால் என்ன நடந்தது என்பது. ஜப்பானில் மட்டும் 300 கோடி யென்னுக்கு மேல் வசூல். (இதைப் பார்க்க உட்காருகிறவர்கள் முதல் அரைமணி நேரத்தில் எழுந்து போகாதீர்கள்.)

சரி, தமிழுக்கு வருவோம். அளவு மீறிய குருதியைச் சிரிப்பாக்குவது நமக்குப் புதிதல்ல. 12ஆம் நூற்றாண்டில் செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியில் பசியால் வாடிய பேய்கள் போர்க்களத்துக்கு ஓடி வந்து கூழ் சமைக்கும் பகுதி இருக்கிறது. சமைக்கும் முன் குளிக்க வேண்டுமே. யானைத் தந்தத்தால் பல் விளக்கு, அதன் விலா எலும்பால் நாக்கு வழி, அம்பு நுனியால் நகம் வெட்டு, மதநீரை எண்ணெயாகத் தேய், எண்ணெய் போக மூளையைக் களியாகக் குழப்பித் தலையில் பூசு, பிறகு ரத்த மடுவில் பாய்ந்து நீந்து என்று பேய்கள் ஒன்றையொன்று ஏவும். பரிமாறும்போது சமணப் பேய்க்குத் தனியாக மயிர் நீங்க வடித்த கூழ். புலவர் குரலில் துளி நடுக்கம் கிடையாது. கல்யாண வீட்டுப் பந்தி விசாரணைதான். ஸ்ப்ளாட்ஸ்டிக்குக்கு இதைவிட முந்திய எடுத்துக்காட்டு வேறு மொழியில் இருந்தால் காட்டட்டும்.

ஸ்ப்ளாட்டருக்கு 'கொடூரப் படம்', 'வன்முறைப் படம்', 'ரத்தக்களரிப் படம்' என்றெல்லாம் எழுதுகிறார்கள். முதல் இரண்டும் தீர்ப்புச் சொல்கின்றன, வகையைச் சொல்லவில்லை. போர்ப் படமும் வன்முறைப் படம்தான். ரத்தக்களரி நல்ல சொல், ஆனால் அது சிந்தி முடிந்த பிறகான தரையைக் குறிக்கிறது. ஸ்ப்ளாட்டர் குறிப்பது சிந்தும் கணத்தை. தமிழில் அதற்குத் 'தெறி' இருக்கிறது. 'எண்ணெய் தெறிக்குது, தள்ளி நில்லு' என்று அடுப்படியில் நாள்தோறும் கேட்கும் சொல். திரவம், வேகம், மேலே படுமோ என்ற பதற்றம், மூன்றும் அதில் இருக்கின்றன. 'தெறிக்க விடுறது' என்று இளசுகள் சொல்லும்போது வரும் கும்மாளமும் சேர்ந்துகொள்கிறது; இந்த வகைக்கு அதுவும் வேண்டியதே. எனவே குருதித்தெறிப்பு. ஸ்ப்ளாட்ஸ்டிக் தெறிப்பு நகைச்சுவை. ஸ்லாஷர் வெட்டுப் படம்.

ஜாம்பிக்கு வேதாளம் சரிவராது. வேதாளம் பிணத்துக்குள் புகுந்தாலும் கதை சொல்லும், கேள்வி கேட்கும், புத்திசாலி. பேய்க்கு உடல் இல்லை. 2016இல் தமிழில் ஜாம்பி படம் எடுத்தவர்கள் 'மிருதன்' என்று தலைப்பு வைத்தார்கள். தலைப்பாக அழகு, பொதுச்சொல்லாகப் பரவவில்லை. ஏற்கெனவே இருக்கும் 'நடைப்பிணம்' போதும். மனம் செத்து நடமாடுபவனை நாம் அப்படித்தான் சொல்கிறோம், ஹெய்ட்டிப் பொருளுக்கு அது அச்சாகப் பொருந்தும். ரொமேரோவின் கூட்டத்துக்கும் குறையில்லை. பேச்சில் ஜாம்பி இருந்துவிட்டுப் போகட்டும்.

ஆக, 'குறைந்த செலவில் எடுத்த நடைப்பிணத் தெறிப்புப் படம்' என்று எழுதலாம். 'தெறி படம்' என்று மட்டும் சுருக்காதீர்கள். டிக்கெட் எடுத்து வந்தவர் பிரமாதமான படம் என்று நினைத்துக்கொள்வார். கேரளத்தில் சொன்னால் கெட்டவார்த்தைப் படம் என்று ஆகிவிடும்.