கொடுங்கோலன், சர்வாதிகாரி: எதை எங்கே எழுதுவது?

கடலூர், புதுச்சேரி வட்டாரத்துத் தெருக்கூத்தில் ராஜா வேடம் சட்டென்று மேடைக்கு வந்துவிடாது. இருவர் திரை பிடிப்பார்கள். ராஜா அதன் பின்னால் நின்று தன் பெருமையைத் தானே பாடுவார். கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் கேலியாக விசாரிப்பான். அப்படி வருகிற இரணியனை எந்தச் சொல்லால் குறிப்பது? புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர் 'திரான்' (tyran) என்பார். செய்தித்தாள் 'சர்வாதிகாரி' என்று போடும். பழைய தமிழ் 'கொடுங்கோலன்' என்கிறது. மூன்றும் ஒன்றல்ல.

கொடுமை + கோல் = கொடுங்கோல். இங்கே கொடுமை என்பதற்கு வளைவு என்று பொருள். கொடுவாளில் இருப்பதும் அதுவே. நேரான கோல் செங்கோல். குறளின் 55ஆம் அதிகாரம் செங்கோன்மை, அடுத்தது கொடுங்கோன்மை. ஒரு பக்கம் கோடாமல் செவ்விய கோல் போல் இருப்பதால் முறைக்குச் செங்கோல் என்று பெயர் வந்தது என்கிறார் பரிமேலழகர். ஆகவே கொடுங்கோலன் என்றால், கோல் கைக்கு வந்தபின் அதை வளைத்தவன். எப்படி வந்தான் என்பதை அந்தச் சொல் கேட்பதே இல்லை. (பலர் 'கொடுங்கோள்' என்று எழுதுகிறார்கள். கோள் என்றால் கிரகம், புறங்கூறலும்கூட. 'ல்' போடுங்கள்.)

'திரான்' கிரேக்கத்திலிருந்து லத்தீன் வழியாகப் பிரெஞ்சுக்கு வந்த சொல். அது முதலில் குறித்தது வந்த வழியைத்தான்: முறைக்குப் புறம்பாக ஆட்சியைப் பிடித்தவன், நல்லவனோ கெட்டவனோ. கி.மு. 6ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸின் பெய்சிஸ்திராதோஸ் தன்னைத் தானே காயப்படுத்திக்கொண்டு, எதிரிகள் தாக்கியதாகச் சொல்லிக் காவல் கேட்டான் என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் எரோடோட்டஸ். ஊரார் தடி ஏந்திய ஆட்களைக் கொடுத்தார்கள். அந்தத் தடிகளை வைத்தே கோட்டையைப் பிடித்தான். "வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு" என்ற குறளை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: கோலோடு நிற்கும் அரசன் கேட்பது, வேலோடு நிற்கும் வழிப்பறிக்காரன் 'கொடு' என்பது போன்றது.

சர்வாதிகாரி வடசொல், அதிகாரத்தின் அளவைச் சொல்வது. இதற்கு நேரான ரோமானியப் பதவியான 'டிக்டேட்டர்' நெருக்கடிக்காக ஆறு மாதம் மட்டும் தரப்பட்டது. கி.மு. 44இல் சீசர் அதை ஆயுள் பதவியாக்கிக்கொண்டார். தமிழிலும் இது எப்போதும் வசைச்சொல்லாக இருந்ததில்லை: 1938 இந்தி எதிர்ப்பில் மறியலுக்குத் தலைமை ஏற்றவர்களையே சர்வாதிகாரி என்றார்கள்.

கதையில் ஒரு தலைவனின் எழுச்சியை எழுதுகிறவர் சறுக்குவது இங்கேதான். முதல் அத்தியாயத்திலேயே 'கொடுங்கோலன்' என்றால் வளைவதற்குக் கோலே இன்னும் கையில் இல்லை. ஊரே தடியைத் தூக்கிக் கொடுக்கிற காட்சியும் வீணாகிவிடும். அதுவரை 'ஆட்சி பறிப்பவன்' போதும். மன்றம், நீதி, படை மூன்றும் ஒரே கையில் சேர்ந்தபின் சர்வாதிகாரி. அந்த அதிகாரம் குடிகள்மேல் பாயும்போது கொடுங்கோலன். கம்பரின் இரணியன் கடைசிப் படியில் நிற்பவன்: பாடத்தைக்கூட அவன் பெயரைச் சொல்லியே தொடங்க வேண்டும்.

புதுச்சேரிக்காரரான பாரதிதாசன் 1934இல் மேடையேறிய தன் நாடகத்தில் இதே இரணியனை இணையற்ற வீரன் என்றார். அந்த நாடகத்தைப் பற்றி எழுதும்போது மூன்று சொல்லும் உதவாது.