சாப்பிட்டபின் நடந்தால் சர்க்கரை ஏன் இறங்குகிறது?

‘வெறும் வயிற்றில் சர்க்கரை 96தான். ஆனாலும் இன்சுலின் எதிர்ப்பு இருக்கிறது என்கிறார் டாக்டர். அது எப்படி?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

இன்சுலினுக்குச் செல்கள் சரியாக இணங்காத நிலைதான் இன்சுலின் எதிர்ப்பு. அந்த 96-ஐத் தக்கவைக்கக் கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வெறும்வயிற்றுச் சர்க்கரையை வெறும்வயிற்று இன்சுலினால் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா-ஐஆர் என்ற குறியீடு கிடைக்கும். அது கூடக்கூட இன்சுலின் எதிர்ப்பும் கூடுதல் என்று பொருள். இன்சுலின் 5 என்றால் 1.2, அதே 96-க்கு இன்சுலின் 18 தேவைப்பட்டால் 4.3. பிடரித் தோல் கறுத்துத் தடிப்பது பலருக்கு இன்சுலின் எதிர்ப்பின் வெளி அடையாளம். அழுக்கென்று தேய்த்தால் போகாது.

சாப்பாட்டுக்குப் பின் ரத்தத்தில் ஏறும் குளுக்கோஸில் பெரும்பங்கை வாங்கிக்கொள்வது தசை. தசைச் செல்லுக்குள் குளுட்-4 என்ற கடத்திப் புரதங்கள் நுண்பைகளில் காத்துக் கிடக்கும். செல்லின் மேலுள்ள ஏற்பியில் இன்சுலின் ஒட்டியதும் உள்ளே புரதம் புரதமாகச் செய்தி கைமாறும். நுண்பைகள் விளிம்புக்கு நகர்ந்து செல்சவ்வோடு இணைய, குளுக்கோஸ் உள்ளே நுழையும். தசையிலும் கல்லீரலிலும் கொழுப்பு தேங்கினால், டைஅசில்கிளிசரால் போன்ற பொருள்கள் இந்தச் செய்தியைத் தொடக்கத்திலேயே மறிக்கின்றன.

இங்கேதான் உடலின் அற்புதமான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. தசை சுருங்கும்போது செல்லுக்குள் கால்சியம் உயரும். செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி செலவாக, ஏஎம்பிகே என்ற நொதி முடுக்கம் பெறும். இவை அதே குளுட்-4 பைகளை இன்சுலின் இல்லாமலேயே விளிம்புக்குக் கொண்டுவருகின்றன! மறிக்கப்பட்ட பாதையை இவை தொடுவதே இல்லை. அதனால் இன்சுலின் எதிர்ப்பு உள்ளவருக்கும் இது வேலை செய்கிறது. நடந்து முடித்தபின் காலியான கிளைகோஜனை (தசையின் சர்க்கரைச் சேமிப்பை) நிரப்பிக்கொள்ள, ஒன்றிரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்கும். பிறகு அந்தப் பலன் கரைந்துவிடும். வாரக் கடைசியில் மொத்தமாக நடப்பது இதனால்தான் போதாது.

ஆகவே சாப்பிட்ட அரை மணிக்குள் 10–15 நிமிடம் நடங்கள். வாரம் இரண்டு நாள் தொடைக்கும் முதுகுக்கும் எடைப்பயிற்சி செய்யுங்கள். தட்டில் பாதி காய். அதையும் பருப்பு, முட்டை, மீனையும் முதலில் சாப்பிட்டுச் சோற்றைக் கடைசிக்கு வையுங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

சென்னையில் நீரிழிவு மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழு நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், நீரிழிவின் விளிம்பில் இருந்தவர்களுக்கு வாழ்க்கைமுறை மாற்றம் மட்டுமே நோய் வரும் வாய்ப்பை 28.5% குறைத்தது. மெட்ஃபார்மின் என்ற நீரிழிவு மாத்திரை தந்த பலன் 26.4%. நடைபாதைக்கு ஆகும் செலவையும் சுகாதாரச் செலவாகவே அரசு கருத வேண்டும் என்பேன். சர்க்கரையை வேரோடு அறுப்பதாக விற்கும் பொடிகளை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலின் ஊசியோ எடுப்பவர்கள் நடையைக் கூட்டும்போது சர்க்கரை தாழ்ந்துவிடலாம். முன்கூட்டியே டாக்டரிடம் அளவைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், சட்டைப் பையில் குளுக்கோஸ் வைத்துக்கொள்ளுங்கள்.