நாள் தள்ளிப்போகும் முன்பே தொடங்கும் கணக்கு

கர்ப்பம் என்று தெரிந்த அன்றிலிருந்துதான் “இனி இரண்டு உயிருக்குச் சேர்த்துச் சாப்பிடணும்” என்ற அறிவுரை ஆரம்பிக்கும். அறிவுரை வந்து சேரும்போது குழந்தையின் மூளைக்கு அநேகமாக அடித்தளமே போட்டாகியிருக்கும். தாயின் எடை குழந்தையின் மூளையையும் உடலையும் பாதிக்குமா என்ற கேள்வியையும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

கரு உருவான மூன்றாம் வாரத்தில் அதன் முதுகுப்பக்கம் ஒரு தட்டையான செல் பட்டை தோன்றும். அதன் இரு ஓரங்களும் மெல்ல எழும்பி, பாயைச் சுருட்டுவது போல உள்நோக்கி வளைந்து, நடுவில் ஒட்டிக்கொள்ளும். இதுதான் நரம்புக்குழாய். மேல் பகுதி மூளையாகும், மிச்சம் தண்டுவடமாகும். சுமார் 28ஆம் நாளுக்குள் இரு முனைகளும் மூடிவிட வேண்டும். அப்போது மாதவிடாய் தள்ளிப்போய் இரண்டு வாரம்தான் ஆகியிருக்கும். கருவின் நீளமோ சில மில்லிமீட்டர். அந்த வேலைக்கான ஃபோலேட் என்ற பி வைட்டமின் தாயின் உடலில் ஏற்கெனவே இருப்பில் இருந்தாக வேண்டும். அதனால்தான் கர்ப்பத்துக்கு ஒரு மாதம் முன்பிருந்தே அதன் மாத்திரை வடிவமான ஃபோலிக் அமிலத்தைத் தினமும் 400 மைக்ரோகிராம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள்.

சரி, இதில் எடை எங்கே வருகிறது? பி.எம்.ஐ. (உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் உடல் நிறை குறியீடு) 30-ஐத் தாண்டிய தாய்மார்களின் குழந்தைகளுக்கு நரம்புக்குழாய் சரியாக மூடாத குறைபாடு கூடுதலாகக் காணப்படுகிறது. நீரிழிவு உள்ள தாய்மார்களிடமும் அப்படித்தான். இரண்டுக்கும் பொதுவான சந்தேகநபர் இரத்தச் சர்க்கரை.

சர்க்கரையின் வேலை அதோடு முடிவதில்லை. குளுக்கோஸ் நஞ்சுக்கொடியைத் தாராளமாகக் கடக்கும்; தாயின் இன்சுலின் கடக்காது. அதாவது சரக்கு வந்து இறங்குகிறது, கணக்குப்பிள்ளை வரவில்லை. வேறு வழியில்லாமல் சிசுவின் கணையமே இன்சுலினைச் சுரந்து தள்ளுகிறது. கருவறைக்குள் இன்சுலின் ஒரு வளர்ச்சி ஹார்மோன் போலவும் நடந்துகொள்ளும் என்பதால், குழந்தை கொழுப்பு சேர்த்துப் பெரிதாகிறது. 1950களில் டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் முன்வைத்த இந்த விளக்கம் இன்னும் நிற்கிறது.

இன்னொரு வழி அவ்வளவு வெளிப்படையானதல்ல. அதிகக் கொழுப்புத் திசு உடலில் ஓயாத மெல்லிய அழற்சியை உண்டாக்கும். அதைக் கண்ட கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கூட்டும். ஹெப்சிடின் குடலில் இரும்புச்சத்துக்குக் கதவைச் சாத்திவிடும். நரம்பிழைகளுக்கு மயலின் உறை போடச் சிசுவுக்கு இரும்பு தேவை. பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும் பெண்ணுக்கு இரும்புச்சத்து போதாமல் இருக்கலாம் என்று யாருக்குத் தோன்றும்?

எடை குறைந்தாலும் தொல்லைதான். பி.எம்.ஐ. 18.5-க்குக் கீழே போனால் குறைப்பிரசவமும் எடை குறைந்த குழந்தையும் கூடுகின்றன. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில் ஒரு நாள் ரேஷன் 1000 கலோரிக்கும் கீழே போனது. அந்தப் பஞ்சத்தில் கருவான குழந்தைகள் பெரும்பாலும் சராசரி எடையோடுதான் பிறந்தன. ஆனால் அறுபது ஆண்டுகள் கழித்து, பஞ்சத்தில் சிக்காத உடன்பிறப்புகளோடு ஒப்பிட்டபோது, வளர்ச்சியோடு தொடர்புடைய ஐ.ஜி.எஃப்.2 மரபணுவின் மேல் ஒட்டியிருக்கும் மீத்தைல் குறிகள் (மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்த உதவும் வேதிக் குறிகள்) அவர்களிடம் குறைந்திருந்தன. பிறந்த எடை காட்டிக்கொடுக்காததை அந்தக் குறிகள் காட்டின.

உடன்பிறப்புகளை ஒப்பிடும் இந்த உத்தி எனக்குப் பிடித்தது. பருமனான தாய்மார்களின் குழந்தைகள் மொழி, கவனம், நடத்தைச் சோதனைகளில் சற்றுப் பின்தங்குவதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. அது எடையால் வந்ததா? வருமானம், படிப்பு, மரபணு எல்லாம் எடையோடு பின்னிக் கிடக்கின்றனவே. ஸ்வீடனில் ஒரே தாய், தன் எடை வெவ்வேறாக இருந்த காலங்களில் பெற்ற பிள்ளைகளை ஒப்பிட்டார்கள். கவனக்குறைவு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறோடு இருந்த தொடர்பு பெருமளவு கரைந்துபோனது. “உன் எடைதான் பிள்ளையை இப்படி ஆக்கிவிட்டது” என்று ஒரு தாயைக் குறைசொல்ல இந்தத் தரவு இடம் தராது.

ஆனால் எல்லாமே அப்படிக் கரைவதில்லை. கனடாவில் உடல் பருமனுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட தாய்மார்களின் பிள்ளைகளைப் பார்த்தார்கள். சிகிச்சைக்கு முன் பிறந்த பிள்ளையைவிட, பின் பிறந்த தம்பி தங்கைகளிடம் உடல் பருமன் கணிசமாகக் குறைவு. தாய் அதே தாய்தான். மாறியவற்றில் சில, கரு வளர்ந்தபோது அவள் இரத்தத்தில் ஓடிய சர்க்கரையும் கொழுப்பும்.