பாட்டனிக்கு டியூஷன் மாஸ்டர் தேடுகிறீர்களா? முதலில் ஒரு செம்பருத்தியைப் பறித்து வையுங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு தொடங்கிவிடும். "பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, ஜுவாலஜி எல்லாத்துக்கும் ஆள் வெச்சாச்சு சார். பாட்டனியிலதான் மார்க் இறங்குது. ரெண்டு மாசத்துல முடிச்சுக் கொடுக்கிற மாதிரி யாராவது இருந்தா சொல்லுங்க." ஒவ்வொரு ஜனவரியிலும் இதே பேச்சு. மற்ற மூன்று பாடங்களுக்கும் பணம் கொடுத்தது போக மிச்சமிருப்பது பாட்டனிக்கு. அந்த மிச்சத்துக்கு யார் கிடைக்கிறாரோ அவரே மாஸ்டர்.

இத்தனைக்கும் பிளஸ் டூ உயிரியல் எழுத்துத் தேர்வில் 70 மதிப்பெண்ணில் சரிபாதி, 35, தாவரவியல். நீட்டில் 180 கேள்விகளில் 90 உயிரியல். 720இல் 360 மதிப்பெண். அதில் ஏறக்குறைய பாதி செடிகொடி சம்பந்தப்பட்டது. இது தெரியாத பெற்றோர் கிடையாது. தெரிந்தும் கடைசியில் தள்ளுவதற்குக் காரணம் ஒரே ஒரு நம்பிக்கை: "பாட்டனி மனப்பாடம்தானே, யார் வேணா சொல்லிக்கொடுக்கலாம்."

இந்த வாக்கியத்தைக் கேட்டாலே எரிச்சல் வருகிறது. அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

மனப்பாடம் என்று நீங்கள் நினைப்பது பெயர்களை. பெயர்கள் உண்டு, நிறைய உண்டு. தமிழ் வழி மாணவருக்கு சூல், சூற்பை, சூலகம், சூல்தண்டு, சூல்முடி, சூல்திசு, சூல்துளை என்று ஒரே எழுத்தில் தொடங்கும் ஏழு சொற்கள் ஒரே பாடத்தில் வரும். பூவைப் பிரித்துப் பார்க்காமல் இந்த ஏழையும் உருப்போடும் பிள்ளை தேர்வில் சூல் இருக்கவேண்டிய இடத்தில் சூற்பை என்று எழுதும். அது பிள்ளையின் ஞாபகக் கோளாறு இல்லை. சூற்பை என்பது பை, சூல் அதற்குள் இருக்கும் மணி என்பதை யாரும் ஒரு வெண்டைப் பிஞ்சைக் குறுக்கே நறுக்கிக் காட்டவில்லை, அவ்வளவுதான். வெண்டைக்காய் வீட்டிலேயே இருக்கிறது. நறுக்கினால் ஐந்து அறைகள், நடு அச்சில் ஒட்டிய விதைகள். அச்சு சூல் ஒட்டுமுறை என்ற சொல்லை அதன்பின் யாரும் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை.

இன்னொன்று. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு செல்கள். முதல் செல்லின் கரைபொருள் திறன் -0.8 மெகாபாஸ்கல், அழுத்தத் திறன் +0.3. இரண்டாவதில் கரைபொருள் திறன் -0.9, அழுத்தத் திறன் +0.5. தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும்? மனப்பாட மாஸ்டர் யோசிக்காமல் சொல்வார்: "கரைசல் அடர்த்தி எங்க அதிகமோ அங்க, அதாவது ரெண்டாவது செல்லுக்கு." இரண்டு திறனையும் கூட்டிப் பாருங்கள், அந்தக் கூட்டல்தான் நீர்த்திறன். முதல் செல் -0.5, இரண்டாவது -0.4. நீர்த்திறன் கூடுதலான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குத்தான் தண்ணீர் போகும். அதாவது இரண்டாவதிலிருந்து முதலாவதுக்கு. அடர்த்தி அதிகமாக இருந்தும் இரண்டாவது செல் தண்ணீரை இழக்கிறது, ஏனென்றால் அதன் சுவர் உள்ளிருப்பதை அதிகமாக அழுத்திக்கொண்டிருக்கிறது. இதை எந்த மனப்பாடமும் தராது. இந்த ஒரு கணக்கை முதல் நாளே கேளுங்கள். தடுமாறினால் பரவாயில்லை, தாள் எடுத்துப் போட்டுப் பார்க்கிறாரா என்று கவனியுங்கள். "இதெல்லாம் எக்ஸாம்ல வராது" என்று நழுவுகிறவரை அனுப்பிவிடுங்கள்.

அதே மாதிரி சின்னச் சோதனை ஒன்று: "செடி எப்ப சுவாசிக்கும்?" பகலில் ஒளிச்சேர்க்கை, இரவில் சுவாசம் என்று பதில் வந்தால் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம். 24 மணி நேரமும் சுவாசிக்கிறது. குளுக்கோஸ் ஒன்றுக்குக் கிடைக்கும் ஏ.டி.பி. (செல்லின் ஆற்றல் நாணயம்) 38, 36, 30-32 என்று புத்தகத்துக்குப் புத்தகம் ஏன் மாறுகிறது என்று கேட்டுப்பாருங்கள். "நீ 38னு எழுது போதும்" என்பவர் ஒரு ரகம். சைட்டோபிளாசத்தில் உண்டான என்.ஏ.டி.ஹெச். (எலக்ட்ரானைச் சுமக்கும் மூலக்கூறு) மைட்டோகாண்ட்ரியாவுக்குள் எந்த வழியாக நுழைகிறது என்பதையும், அது ஒன்றுக்கு ஏ.டி.பி. 3 என்றா 2.5 என்றா கணக்கு வைக்கிறோம் என்பதையும் சொல்லிவிட்டு, "உன் தேர்வுக்கு உன் புத்தகத்துல உள்ள எண்ணை எழுது" என்பவர் இன்னொரு ரகம். இரண்டாமவரை விடாதீர்கள்.

யாரைத் தேடுவது? எம்.எஸ்சி. தாவரவியல் படித்தவர். கூடவே பி.எட். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குடி முழுகாது. பயோடெக்னாலஜி, மைக்ரோபயாலஜி படித்தவர்கள் மரபியலும் செல் உயிரியலும் பிரமாதமாக நடத்துவார்கள்; உள்ளமைப்பியல், வகைப்பாட்டியல் வந்ததும் பலர் கைடைப் பார்த்து வாசிப்பார்கள், ஏனென்றால் அவர்கள் பாடத்திட்டத்தில் அது பெரிதாக இருந்ததே இல்லை. ஜுவாலஜி ஆசிரியரே பாட்டனியையும் "சேர்த்து" எடுப்பது பள்ளிகளிலேயே நடக்கிறது, அதைப் பற்றி இங்கே வேண்டாம். இப்போது புதிதாக ஒரு மோகம்: நீட் எழுதி எம்.பி.பி.எஸ். சேர்ந்த முதலாண்டு மாணவர். "அவனே பயாலஜியில 340 வாங்கியிருக்கான் சார், அவனைவிட யாருக்குத் தெரியும்?" தேர்வு எழுதும் உத்தி அவருக்குத் தெரியும், அதை ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பாட்டனியை அவர் நீட் முடிந்த மறுநாளே மூட்டை கட்டிவிட்டார். அனாடமி தேர்வுக்கு நடுவே அவரிடம் பிரையோஃபைட்டா (பாசி போன்ற மாஸ் வகைச் செடிகள்) கேட்பது அவருக்கும் பாவம், பிள்ளைக்கும் பாவம்.

சரி, செம்பருத்திக்கு வருகிறேன். மாதிரி வகுப்பு கேட்டு வாங்குங்கள், 45 நிமிடம் போதும். மேசையில் இரண்டு செம்பருத்திப் பூவும் ஒரு பாதி பிளேடும் வையுங்கள். அடுக்குச் செம்பருத்தி வேண்டாம். அதில் மகரந்தத்தாள்கள் இதழாக மாறியிருக்கும், எண்ணிக்கை எதுவும் ஒத்துவராது. ஐந்து இதழ் உள்ள ஒற்றைச் செம்பருத்தி. நல்ல ஆசிரியர் வெளியிலிருந்து உள்ளே போவார். முதலில் காம்பருகே மெல்லிய பச்சைக் கீற்றுகள். அது புறப்புல்லி வட்டம், புல்லி இல்லை. பிறகு இணைந்த ஐந்து புல்லிகள், ஓரங்கள் ஒன்றையொன்று மூடாமல் தொட்டு மட்டும் நிற்கும், தொடு இதழமைவு. அல்லிகள் ஒன்றன் ஓரத்தை ஒன்று மூடியபடி ஒரே திசையில் சுற்றியிருக்கும், திருகு இதழமைவு. அடுத்து அந்தக் குழாய். இங்கேதான் நிறுத்திக் கேட்பார்: "சூல்தண்டு எங்கே?" பிள்ளை நுனியிலுள்ள ஐந்து சிவப்புப் பொட்டைக் காட்டும். பிளேடால் குழாயை நீளவாக்கில் கீறினால் உள்ளே ஒளிந்து போகும் சூல்தண்டு தெரியும். மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து செய்த குழாய் அது, ஒற்றைக் கற்றை. அடியில் சூற்பையைக் குறுக்கே வெட்டினால் ஐந்து அறை. இதற்குப் பிறகு மலர்ச் சூத்திரத்தை, அதாவது பூவின் அமைப்பைக் குறியீடுகளில் சுருக்கிச் சொல்வதை, பிள்ளையே எழுத வேண்டும், மாஸ்டர் எழுதித் தரக்கூடாது. பூவைத் தொடாமல் நேராகச் சூத்திரத்தைப் பலகையில் எழுதுகிறவர் எவ்வளவு படித்திருந்தாலும் உங்களுக்கு வேண்டாம்.

"நீட்டுக்கு என்.சி.இ.ஆர்.டி. மட்டும் போதும், தாவரக் குடும்பமெல்லாம் ஒண்ணுதான் இருக்கு" என்று உறுதி சொல்பவரிடமும் உஷார். 2024 தேர்வுக்காக வந்த நீட் பாடத்திட்டத்தில் மால்வேசி, குருசிஃபெரே, லெகுமினோசே, காம்போசிட்டே, கிராமினே என்று ஐந்து குடும்பங்கள் இருக்கின்றன. குறைக்கப்பட்ட என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் சொலானேசி மட்டும்தான் மிச்சம். பாடத்திட்டத் தாளைத் திறந்தே பார்க்காதவர்தான் அப்படிச் சொல்ல முடியும். ஐந்துக்கும் பூக்கள் தெருவிலேயே கிடைக்கும்: செம்பருத்தி, கடுகு, சங்குப்பூ, மூக்குத்திப்பூ, ஏதாவது ஒரு புல்.

எந்தத் தேர்வுக்கு என்பதையும் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். வேளாண் பல்கலைக்கழகச் சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணில் நடப்பது. அங்கே ஐந்து மதிப்பெண் விடையைப் படத்துடன் எழுதும் பழக்கம் வேண்டும். நீட்டுக்கு வேறு பயிற்சி. பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு இல்லை என்றானபின் அந்தப் புத்தகத்தைத் தாண்டிப்போகும் ஆசை பள்ளிக்கும் வரும், மாஸ்டருக்கும் வரும், பிள்ளைக்கும் வரும். நீட் பாடத்தில் பாதி பிளஸ் ஒன். ஆகவே டியூஷன் வைப்பதானால் பிளஸ் ஒன் ஜூன் மாதத்தில் வையுங்கள். தமிழ் வழிப் பிள்ளைக்கு இரண்டு மொழிச் சொல்லும் சொல்லித்தருபவர் வேண்டும். நீட் தமிழ் வினாத்தாளில் ஆங்கிலமும் கூடவே இருக்கும், மொழிபெயர்ப்பில் சந்தேகம் வந்தால் ஆங்கிலமே இறுதி. புல்லி வட்டம்தான் காலிக்ஸ் என்று தெரியாவிட்டால் அந்த வசதியால் பயனில்லை.

அடுத்தது தண்டைக் குறுக்கே மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் குறுக்குவெட்டு. வீட்டில் மைக்ராஸ்கோப் இல்லை என்பது சாக்கு. மடித்துச் செய்யும் காகித மைக்ராஸ்கோப்பே சுமார் 140 மடங்கு பெரிதாக்கும், வாஸ்குலார் கற்றைகளை (நீரும் உணவும் போகும் குழாய்க் கட்டுகளை) பார்க்க அது தாராளம். மூக்குத்திப்பூச் செடியின் இளந்தண்டு, புது பிளேடு, வாட்ச் கிளாசில் தண்ணீர், 1 சதவீத சாஃப்ரனின் சாயம், கிளிசரின், தூரிகை. தண்டையும் பிளேடையும் நனைத்துக்கொண்டு, பிளேடைத் தன் பக்கமாக ஒரே இழுப்பில் இழுத்து 20, 25 சீவல் போட வேண்டும். அறுக்கக்கூடாது. அதில் தண்ணீரில் மிதக்கும் கண்ணாடி மாதிரியான சீவல் ஒன்றோ இரண்டோ தேறும். அதைத் தூரிகையால் எடுத்து சாயத்தில் 2, 3 நிமிடம், பிறகு சாயம் கரைவது நிற்கும்வரை தண்ணீரில் அலசல், கிளிசரின் ஒரு சொட்டு, கவர் ஸ்லிப்பை ஊசியில் சாய்த்து மெதுவாக இறக்குதல். நீரைக் கடத்தும் சைலம் சிவப்பாக நிற்கும். படக்கென்று போட்டால் காற்றுக் குமிழி மாட்டும். கறுப்பு விளிம்புடன் வட்டமாகத் தெரியும் அதைச் செல் என்று ரெக்கார்டில் வரைந்து, அம்புக்குறியும் போட்டு, கையெழுத்தும் வாங்கிய நோட்டுகள் உண்டு. (கையெழுத்துப் போட்டவர்களைச் சொல்லவேண்டும்.) சாய்வாக வெட்டிய சீவல் ஒரு பக்கம் தடித்துக் கறுத்துத் தெரியும். வேரா தண்டா என்று கேட்டால் குறுகிய சைலக் குழாய்கள் எந்தப் பக்கம் என்று பார்க்கவேண்டும்: வேரில் வெளிப்பக்கம், தண்டில் உள்பக்கம். இதை ஒரு முறையாவது மாஸ்டர் தன் கையால் செய்து காட்டுவாரா என்று கேட்டுவிட்டுக் கட்டணம் பேசுங்கள். ஆன்லைன் வகுப்பானால் கேமரா அவர் முகத்தைக் காட்டவேண்டாம், தாளையும் கையையும் காட்டட்டும்.

பணம். மாதாமாதம் கொடுங்கள். வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டு, ஆள் சரியில்லை என்று மூன்றாவது வாரம் புலம்பாதீர்கள். பெரிய பயிற்சி மையமானால், மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் நடுவில் விலகினால் மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாட்களுக்குள் திருப்பித் தரச் சொல்கிறது. 16 வயதுக்குக் கீழே சேர்க்கக்கூடாது, ரேங்க் உத்தரவாதம் தரக்கூடாது என்றும் சொல்கிறது. ரசீது வாங்குங்கள். வாய்ப்பேச்சை நம்பிவிட்டு வந்தால் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும் ஒன்றும் செய்ய முடியாது.

வீட்டுக்கு வருபவரானால் கூடத்தில் உட்கார வையுங்கள், கதவு திறந்திருக்கட்டும். வாட்ஸ்அப்பில் பேச்சு நடந்தால் அம்மாவோ அப்பாவோ உள்ள குழுவில் நடக்கட்டும். இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நல்ல ஆசிரியர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏதாவது தவறாகப் பட்டால் குழந்தைகள் உதவி எண் 1098.

பணம் கட்ட முடியாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பள்ளி ஆசிரியரிடமே போங்கள். மாலை அரை மணி நேரம் கேட்டால் மறுக்கிறவர்கள் குறைவு. கேட்கிற பிள்ளைகள்தான் குறைவு. பக்கத்தில் அரசுக் கலைக் கல்லூரி இருந்தால் தாவரவியல் துறையில் முதுகலை படிக்கும் மாணவர்களைத் துறைத் தலைவர் மூலமாகக் கேளுங்கள். புத்தம் புதிதாகப் படித்துக்கொண்டிருப்பவர்கள், ஹெர்பேரியத் தாள்களையும் (காயவைத்து ஒட்டிய செடி மாதிரிகள்) நிரந்தர ஸ்லைடுகளையும் தினமும் பார்க்கிறவர்கள்.

வைத்தாகிவிட்டது, நான்கு வாரம் ஓடிவிட்டது என்றால் மார்க்கைக் கேட்காதீர்கள், நோட்டைத் திறந்து பாருங்கள். படங்கள் பிள்ளை வரைந்ததா, கைடிலிருந்து காப்பியா? குறிப்புக் கோடுகள் உறுப்பைத் தொடுகின்றனவா, காற்றில் நிற்கின்றனவா? தப்பாக எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் காரணம் எழுதியிருக்கிறதா, வெறும் டிக் மட்டும்தானா? பக்கங்களுக்கு நடுவே நாலு காய்ந்த இதழோ இலையோ ஒட்டியிருந்தால் அந்த மாஸ்டருக்கு இந்த மாதச் சம்பளத்தை ஒன்றாம் தேதியே கொடுத்துவிடுங்கள்.