காற்று ஜில்லென்று வருகிறது, அறை ஏன் குளிரவில்லை?

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னையில் ஏசி மெக்கானிக்குகளுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. வீட்டுக்கு வீடு ஒரே புகார்: ஏசி ஓடுகிறது, கூலிங் இல்லை. வந்தவர் ஏசிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்துவிட்டு, “காஸ் கம்மியா இருக்கு சார், டாப்-அப் பண்ணிடலாம்” என்கிறார். எல்லோரும் அப்படிச் சொல்வதில்லை. நல்ல மெக்கானிக் முதலில் ஃபில்டரைக் கழற்றிப் பார்ப்பார். ஆனால் அவசரக்காரர் வாயிலிருந்து முதலில் வரும் சொல் காஸ்தான். அதை மறுக்க நமக்கும் தெரிவதில்லை, பணத்தைக் கொடுத்துவிடுகிறோம்.

காஸ் என்பது ஸ்கூட்டருக்குப் போடும் பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருள் அல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் திரவமாகவும் ஆவியாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கசிவு இல்லாத ஏசியில் பத்து வருடமானாலும் அதன் அளவு குறையாது. குறைந்திருக்கிறது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். அதை அடைக்காமல் ஏற்றும் காஸ் வந்த வழியே வெளியேறிவிடும். அதனால் காஸைப் பற்றிப் பேசுவதற்கு முன் காற்றைப் பார்க்க வேண்டும். கூலிங் குறைவதற்கான காரணம் பல நேரங்களில் அங்கேதான் இருக்கிறது.

ஏசி குளிரை உண்டாக்குவதில்லை. அறையில் இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே தள்ளுகிறது. எவ்வளவு வேகமாகத் தள்ளும் என்பதைத்தான் டன் கணக்கில் சொல்கிறோம். 2,000 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 907 கிலோ பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது உறிஞ்சும் வெப்பத்தின் வேகம் 1 டன். இன்றைய அலகில் சுமார் 3.5 கிலோவாட். பனிக்கட்டியை வைத்துக் குளிர்வித்த காலத்து அளவு இது. அந்தக் காலத்துக்குச் சென்னையிலேயே ஒரு சாட்சி உண்டு. மெரினாவுக்கு எதிரே நிற்கும் விவேகானந்தர் இல்லம், அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்க 1842-இல் கட்டப்பட்ட ஐஸ் ஹவுஸ்தான்.

வீடுகளில் அதிகம் மாட்டப்படும் 1.5 டன் ஏசியின் திறன் சுமார் 5 கிலோவாட். சுவரில் இருக்கும் உள் யூனிட்டுக்குள் ஒரு கூலிங் காயில் இருக்கிறது: வளைந்து வளைந்து போகும் செம்புக் குழாய்கள், அவற்றின் மேல் நெருக்கமாகக் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள். குழாய்க்குள் வரும் காஸ் குறைந்த அழுத்தத்தில், 5 முதல் 10 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிறது. கொதிக்க வெப்பம் வேண்டுமே, அதைத் தகடுகளிலிருந்து எடுத்துக்கொள்கிறது. தகடுகளோ தம்மை உரசிப் போகும் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கின்றன. அறையின் வெப்பம் காயிலை வந்து சேர இந்தக் காற்றைத் தவிர வேறு வாகனம் கிடையாது.

அந்தக் காற்று எவ்வளவு தெரியுமா? உள் யூனிட்டில் காற்றை இழுத்துத் தள்ளும் விசிறியான ப்ளோயர் முழு வேகத்தில் சுற்றும்போது மணிக்கு 900 கன மீட்டர் அளவில் இருக்கும். 12-க்கு 10 அடி படுக்கையறை, கூரை 10 அடி உயரம் என்றால் அதில் இருப்பதே 34 கன மீட்டர் காற்றுதான். அறையின் மொத்தக் காற்றும் ஏறத்தாழ இரண்டேகால் நிமிடத்துக்கு ஒருமுறை ஃபில்டர் வழியாக உள்ளே போய் வெளியே வருகிறது.

கணக்கை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்ப்போம். மணிக்கு 900 கன மீட்டர் என்பது நொடிக்குச் சுமார் 300 கிராம் காற்று. அது 12 டிகிரி குளிர்ந்து வெளியே வந்தால் 3.6 கிலோவாட் வேகத்தில் வெப்பம் அகற்றப்படுகிறது. மீதித் திறன் எங்கே போகிறது? ஈரத்துக்கு. சென்னைக் காற்று 27 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று இருக்கும்போது, 21 டிகிரிக்குக் கீழே உள்ள எந்தப் பரப்பில் பட்டாலும் வியர்க்கும். காயில் அதைவிட மிகவும் குளிர்ந்தது. அதனால் நீர் துளித்துளியாகப் படிந்து ட்ரெயின் பைப் வழியே வெளியே சொட்டுகிறது. நீராவி குளிர்ந்து ஒரு லிட்டர் தண்ணீராகும்போது ஏறத்தாழ 2,450 கிலோஜூல் வெப்பத்தை விட்டுச் செல்கிறது. மணிக்கு 2 லிட்டர் சொட்டினால் அதற்கே 1.4 கிலோவாட் செலவாகிறது. கடலோர ஊர்களில் ஏசியின் உழைப்பில் கால்வாசிக்கு மேல் ஈரத்தை இழுக்கவே போய்விடுகிறது என்பதை நாம் நினைத்துப் பார்ப்பதில்லை.

இப்போது ஃபில்டர் அடைத்துக் காற்று பாதியாகிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 150 கிராம். மெதுவாகப் போகும் காற்று காயிலோடு அதிக நேரம் உறவாடுவதால் இன்னும் அதிகமாகக் குளிரும், 16 டிகிரி குறைந்து வெளியே வரும் என்போம். கையை வைத்துப் பார்ப்பவருக்கு முன்பைவிட ஜில்லென்று இருக்கும். ஆனால் பெருக்கிப் பார்த்தால் 2.4 கிலோவாட்தான். அகற்றிய வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விட்டது. “காத்து ஜில்லுனுதான் வருது, ஆனா ரூம் குளிரல” என்று பலரும் குழம்புவது இதனால்தான். வெளிவரும் காற்றின் குளிர்ச்சியை மட்டும் வைத்து ஏசியை எடைபோட முடியாது. எவ்வளவு காற்று என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமையாகும்.

காற்று மேலும் குறைந்தால் நிலைமை மோசமாகும். உள்ளே காஸ் கொதிக்கத் தேவையான வெப்பம் வந்து சேர்வதில்லை. காஸை இழுத்து அமுக்கிச் சுற்றவிடுவது கம்ப்ரஸர். பழைய வகை, ஒரே வேகத்தில் ஓடும் கம்ப்ரஸர் அதைப் பொருட்படுத்தாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். குழாயில் அழுத்தம் இறங்க, காயில் 0 டிகிரிக்குக் கீழே போகிறது. தகடுகளில் படியும் நீர் வழிந்தோடாமல் உறைகிறது. தகடுகளுக்கு இடையே உள்ள இடைவெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான், அதைப் பனி எளிதில் மூடிவிடுகிறது. மூடியதால் காற்று இன்னும் குறைகிறது, குறைந்ததால் பனி இன்னும் தடிக்கிறது. இரவு பத்து மணிக்கு நன்றாக இருந்த ஏசி விடியற்காலை மூன்று மணிக்கு வெறும் இரைச்சலோடு நிற்பது இப்படித்தான். அணைத்துவிட்டால் அந்தப் பனி முழுவதும் ஒரேயடியாக உருகும். அடியில் உள்ள சிறிய தட்டால் அவ்வளவு நீரைத் தாங்க முடியாது, சுவர் வழியே வழிகிறது. ட்ரெயின் பைப் அடைப்பு என்று நினைத்து அதைக் குத்திக்கொண்டிருப்போம்.

இதில் கம்ப்ரஸருக்கும் ஆபத்து இருக்கிறது. கொதிக்காத திரவம் அப்படியே திரும்பிப் போய் அதற்குள் நுழைகிறது. ஆவியை அமுக்கலாம், திரவத்தை அமுக்க முடியாது. உள்ளிருக்கும் எண்ணெயும் நீர்த்துப் போகிறது. ஏசியிலேயே அதிக விலையுள்ள பாகம் அது. இன்வெர்ட்டர் ஏசிகளில் காயிலின் வெப்பநிலையைச் சென்சார் கவனித்துக் கம்ப்ரஸரின் வேகத்தைக் குறைத்துவிடும் அல்லது நிறுத்திவிடும். பனி பிடிக்காது, நல்லதுதான். ஆனால் பனியும் இல்லை, நீரும் ஒழுகவில்லை என்பதால் கோளாறு வெளியே தெரியாமல், கூலிங் மட்டும் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே போகும்.

ஃபில்டர் என்பது சாதாரண நைலான் வலை. அதன் வேலை தூசியும் நூலும் முடியும் காயிலில் போய் ஒட்டாமல் காப்பது. நம் நுரையீரலைக் காக்க அது வடிவமைக்கப்படவில்லை. பிஎம் 2.5 போன்ற நுண்துகள்கள் அதன் கண்கள் வழியே தாராளமாகப் போய்விடும். சிலர் காற்றைச் சுத்தப்படுத்தும் எண்ணத்தில் தடித்த துணியையோ ப்யூரிஃபையர் ஷீட்டையோ வாங்கி வலையின் மேல் முழுக்க ஒட்டுகிறார்கள். நோக்கம் நல்லது, விளைவு அடைத்த ஃபில்டரின் விளைவேதான். அந்த ப்ளோயருக்கு அவ்வளவு தடையைத் தாண்டி இழுக்கும் பலம் கிடையாது.

கழுவுவது எளிது. கோடைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும். தூசி படிந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலிருந்து தண்ணீரைப் பாய்ச்ச வேண்டும், அப்போதுதான் தூசி வந்த வழியே கழன்று விழும். வெந்நீர் வேண்டாம். நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் பிளாஸ்டிக் சட்டம் வளைந்தால் மறுபடி சரியாகப் பொருந்தாது. அந்த இடுக்கு வழியாகத் தூசி நேராகக் காயிலுக்குப் போகும்.

ஃபில்டரை ஒழுங்காகக் கழுவியும் காற்று குறைவாக இருக்கிறதா? அப்போது பார்க்க வேண்டியது ப்ளோயரை. இதை மிகச் சிலரே பார்க்கிறார்கள் என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, காற்று வரும் வாயின் மடிப்பைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். யூனிட்டின் முழு நீளத்துக்கும் ஒரு உருளை தெரியும். அதைச் சுற்றி நெருக்கமாக, விரல் அகலத்துக்கும் குறைவான, உள்வளைந்த மெல்லிய இறக்கைகள். பால் மோர்டியே என்ற பிரெஞ்சுப் பொறியாளர் 1893-இல் காப்புரிமை பெற்ற விசிறி வடிவம் இது. காற்றை எவ்வளவு வீசும் என்பது இறக்கையின் அந்த வளைவைப் பொறுத்தது. பழைய ஏசியில் அந்த வளைவுக் குழிக்குள் கறுப்பும் சாம்பலுமாகத் தூசி கம்பளி போல இறுகியிருக்கும். தாளிப்புப் புகை, சாம்பிராணி, கொசுவர்த்தி, முகப் பவுடர் எல்லாம் ஃபில்டரைத் தாண்டி வந்து ஈரத்தோடு சேர்ந்து ஒட்டியவை. குழி நிரம்பிவிட்டால் இறக்கை வெறும் கட்டை. மோட்டார் அதே வேகத்தில் சுற்றும், காற்று மட்டும் வராது. படுக்கை விரிப்பில் காலையில் கறுப்புத் துணுக்குகள் கிடந்தால் அவை இங்கிருந்து பறந்தவை. ஏசி போட்டதும் வரும் புளித்த வாடையும் இந்த ஈரத் தூசியில் வளரும் பூஞ்சை, பாக்டீரியாக்களின் வேலைதான்.

ஜெட் பம்ப் வைத்துச் செய்யும் சர்வீஸிலும் ஒரு குறை உண்டு. காயில் ப்ளோயரைச் சூழ்ந்து வளைந்திருக்கும். முன்பக்கம் மட்டும் அடித்துக் கழுவினால் மேலே, பின்னால் சாய்ந்திருக்கும் பகுதி அப்படியே நிற்கும். காற்று நுழைவது மேல் வழியாக என்பதால் அங்கேயும் தூசி சேரும். சர்வீஸ் செய்பவரிடம் மேல்பாகத்தையும் ப்ளோயரையும் கழுவச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.

இயந்திரம் சுத்தமாக இருந்தும் பொருத்திய இடத்தால் காற்று கெடுவதுண்டு. ஃபால்ஸ் சீலிங்குக்கு ஒட்டினாற்போல மாட்டிய யூனிட்டால் மேலிருந்து காற்றை இழுக்க முடியாது. எதிரே பீரோவோ திரைச்சீலையோ இருந்தால் வெளிவந்த குளிர்காற்று அதில் மோதித் திரும்பி நேராக மேல் வழியாக உள்ளே போய்விடும். அறை குளிர்ந்துவிட்டது என்று சென்சார் நம்பி வேலையைக் குறைத்துக்கொள்ளும், கட்டிலில் படுத்திருப்பவர் வியர்த்துக்கொண்டிருப்பார். வெளி யூனிட்டுக்கும் இதே விதிதான். அறையிலிருந்து எடுத்த வெப்பத்தோடு கம்ப்ரஸர் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து அது வெளியேற்ற வேண்டும். குறுகிய சந்திலோ, துணி காயப்போட்ட கிரில் பால்கனியிலோ வைத்தால் தான் விட்ட சூட்டைத் தானே இழுத்துக்கொண்டு திணறும்.

சரி, உங்கள் வீட்டில் எது கோளாறு? ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். ஏசியை 18 டிகிரியில், அதன் விசிறியை அதிகபட்ச வேகத்தில் வைத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். முதலில் யூனிட்டின் மேல்பக்கத்தில், காற்று நுழையும் இடத்தில் அளவெடுங்கள். பிறகு வெளிவரும் வாயில். வித்தியாசம் 8 முதல் 12 டிகிரி இருந்து, காற்றும் வேகமாக வந்தால் இயந்திரம் நலம். அறைக்கு அந்த டன் போதுமா, வெயில் எங்கிருந்து நுழைகிறது என்று பாருங்கள். வித்தியாசம் 14, 15 என்று ஏறி, காற்று பலவீனமாக இருந்தால் ஃபில்டர், காயில், ப்ளோயர் ஆகிய மூன்றில் ஒன்று. காற்று பலமாக வந்து வித்தியாசம் 5, 6 டிகிரிதான் என்றால் அப்போது காஸைச் சந்தேகிக்கலாம்.

அந்தச் சந்தேகத்தைச் சோதிக்க வெளி யூனிட்டுக்குப் போய், அதில் வந்து சேரும் இரண்டு குழாய்களைப் பாருங்கள். மெல்லிய குழாயின் வால்வில் மட்டும் வெண்பனி பூத்திருந்தால் காஸ் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். முதலில் குழாய் இணையும் நட்டுகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடச் சொல்லுங்கள். அங்கே இல்லையென்றால் காயிலில் தேட வேண்டும். கசிவை அடைத்த பிறகு வேக்கம் போட்டு, அதாவது குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் பம்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு, காஸை எடை பார்த்து ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்பது வெளி யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கும். மெக்கானிக் தராசு கொண்டு வந்திருக்கிறாரா என்று ஏற்றுவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.