சுழலும் உணவகத்துக்கு ஒரு மிக்ஸி மோட்டார் போதும்

கரூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். விடுமுறைக்குக் குடும்பத்தோடு டெல்லி போனவர்கள், கஸ்தூர்பா காந்தி மார்க்கில் அந்தரிக்ஷ் பவன் கட்டடத்தின் 24-ஆம் மாடியில் இருக்கும் 'பரிக்ரமா' என்ற சுழலும் உணவகத்தில் மதியச் சாப்பாடு சாப்பிட்டிருக்கிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று. ஊர் திரும்பும் ரயிலில் ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டாளாம். "கட்டடமே சுத்துச்சா, தரை மட்டும் சுத்துச்சா? நாள் முழுக்க ஒரே பக்கமா சுத்தினா தண்ணிக் குழாயும் கரண்ட் ஒயரும் முறுக்கிக்காதா? எனக்கு ஏன் தலை சுத்தல? இத்தனை பேரைச் சுமந்துக்கிட்டுச் சுத்த எவ்வளவு பெரிய மோட்டார் வேணும்?" அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்கு எழுதிவிட்டார்.

நல்ல கேள்விகள். கடைசிக் கேள்விக்குத்தான் நான் அதிக இடம் எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

முதலில் அமைப்பு. சுழல்வது கட்டடம் அல்ல. பெரும்பாலான இடங்களில் சன்னலும் வெளிச்சுவரும்கூடச் சுழல்வதில்லை. ஒரு மெதுவடையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நடுவில் ஓட்டை இருக்கும் இடத்தில் கட்டடத்தின் மையத்தண்டு நிற்கிறது. லிஃப்ட், படிக்கட்டு, சமையலறை, கழிப்பறை எல்லாம் அதற்குள்தான் இருக்கும், அசையாது. வடைதான் மேசை நாற்காலி போட்ட வளையத் தரை. அது மட்டும் சுற்றும். அதனால் தண்ணீர்க் குழாய் சுழலும் பகுதிக்கு வரவே தேவையில்லை, முறுக்கிக்கொள்ள எதுவும் இல்லை. மேசை விளக்குக்கு மின்சாரம் வேண்டுமென்றால் அதற்கும் வழி உண்டு. அசையாத உலோக வளையத்தின் மேல் ஒரு கார்பன் துண்டு உரசிக்கொண்டே போகும், தொடுகை விடாது, கம்பியும் முறுக்காது. மிக்ஸி ரிப்பேர் கடையில் 'கார்பன் பிரஷ் தேய்ந்துவிட்டது' என்பார்களே, அதே சங்கதி.

சன்னல் ஓரத் திண்டில் கைப்பையை வைத்துவிட்டுச் சாப்பிட்டால், சற்று நேரத்தில் பை பின்னால் போய் வேறொரு மேசைக்காரரின் பக்கத்தில் இருக்கும். உண்மையில் பை நகரவில்லை, நகர்ந்தது நீங்கள். பரிமாறுகிறவர்களுக்கும் இதே சிக்கல்தான். ஆர்டர் எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மேசை இடம் மாறியிருக்கும்.

இந்த ஆசை பழையது. ரோமப் பேரரசன் நீரோவின் அரண்மனையில் இரவும் பகலும் சுழன்றுகொண்டிருந்த வட்டமான உணவுக்கூடம் இருந்ததாக வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். 2009-இல் ரோமின் பாலத்தீன் குன்றில் அகழ்ந்தபோது 4 மீட்டர் விட்டமுள்ள ஒரு தூண் வெளிப்பட்டது. அந்தக் கூடத்தைத் தாங்கிய தூண் அதுவாக இருக்கலாம், தண்ணீர் விசையால் சுழன்றிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். நம் காலத்துக்கு வந்தால், 1959-இல் ஜெர்மனியின் டோர்ட்முண்ட் நகரக் கோபுரம், 1961-இல் ஹொனலுலு, 1962-இல் உலகக் கண்காட்சிக்காகக் கட்டிய சியாட்டில் 'ஸ்பேஸ் நீடில்'. பின்னிரண்டுக்கும் கட்டடக் கலைஞர் ஒருவரே, ஜான் கிரஹாம். சுழலும் உணவகத்துக்கு அமெரிக்கக் காப்புரிமையும் வாங்கியவர். அப்புறம் பெர்லின், லண்டன், டொராண்டோ, கோலாலம்பூர் என்று உயரமான கோபுரம் எழுந்த பல ஊர்களுக்கு இது பரவியது.

சரி, மோட்டாருக்கு வருவோம்.

ஸ்பேஸ் நீடிலில் 1962-இல் அந்த உணவக வளையம் முழுவதையும் சுற்றிய மோட்டாரின் திறன் ஒரு ஹெச்.பி. வட்டம் முழுக்க மேசைகளும் மனிதர்களும், மொத்தத்துக்கும் ஒரு ஹெச்.பி. என்றால் சுமார் 746 வாட். நம் வீடுகளில் சட்னி அரைக்கும் மிக்ஸியின் அடியில் '750 வாட்' என்று போட்டிருக்கிறதே, அவ்வளவுதான். கிணற்றில் தண்ணீர் இறைக்க 5 ஹெச்.பி. மோட்டார் போடும் விவசாயியிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டார். முதலில் படித்தபோது நானும் நம்பவில்லை. உட்கார்ந்து கணக்குப் போட்ட பிறகுதான் நம்பினேன்.

கணக்குக்காக ஒரு வளையத்தை எடுத்துக்கொள்வோம். எடை 100 டன். உள் ஆரம் 10 மீட்டர், வெளி ஆரம் 15 மீட்டர். மணிக்கு ஒரு சுற்று. ஊருக்கு ஊர் எண்கள் மாறும், அளவின் தன்மை மாறாது. வெளி விளிம்பில் ஒரு சுற்றின் நீளம் சுமார் 94 மீட்டர். அதை 3,600 நொடியால் வகுத்தால் நொடிக்கு 2.6 சென்டிமீட்டர். எறும்பு இதைவிட வேகமாக ஓடும். வளையத்தின் நடுப்பகுதி இன்னும் மெதுவாக, நொடிக்கு 2.2 சென்டிமீட்டர் போகும்.

இந்த வேகத்தில் 100 டன்னுக்கு இயக்க ஆற்றல் எவ்வளவு? பள்ளியில் படித்த அதே சூத்திரம்தான், எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும். சுமார் 25 ஜூல் வருகிறது. பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஒரு கிலோ தேங்காய்க்கு ஏறக்குறைய 100 ஜூல். அதாவது, ஓர் உணவகம் முழுவதையும் ஓட வைக்கும் ஆற்றல், தென்னை மரத்திலிருந்து விழும் ஒரு தேங்காயின் ஆற்றலில் கால் பங்கு.

அப்படியானால் மோட்டாருக்கு என்ன வேலை? உராய்வோடு போராடுவது மட்டும்தான். வளையத்தின் அடியில் வட்டமான தண்டவாளம், அதன் மேல் எஃகு உருளைகள். எஃகின் மேல் எஃகு உருளும்போது எதிர்ப்பு மிகவும் குறைவு. ரயில் இவ்வளவு பாரத்தை இழுப்பதும் அதனால்தான். தாங்கிகளின் உராய்வையும் சேர்த்து எடையில் ஐந்நூறில் ஒரு பங்கு என்று வைத்தால், 100 டன்னைத் தள்ள 200 கிலோ எடைக்கு நிகரான விசை போதும். நான்கைந்து பேர் சேர்ந்து தோள் கொடுத்தால் நகர்ந்துவிடும்! தண்டவாளம் மட்டும் மேடு பள்ளம் இல்லாமல் இருக்க வேண்டும். வளையம் முழுவதும் ஒரே ஒரு மில்லிமீட்டர் மேலே ஏற வேண்டியிருந்தாலும் அதற்கு ஏறக்குறைய 1,000 ஜூல் தேவை. ஓடுவதற்கான ஆற்றலைப் போல 40 மடங்கு. சுழலும் உணவகம் கட்டுகிறவர்களின் கவலை வேகத்தைப் பற்றியது அல்ல, மட்டத்தைப் பற்றியது.

இனி எனக்குப் பிடித்த இடம். மோட்டார் வேகமாகச் சுற்றுகிற பொருள். நம் ஊர்ப் பட்டறைகளில் இருக்கும் சாதாரண மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும். உணவகமோ மணிக்கு ஒரு சுற்று. நிமிடத்துக்கு 1,440 என்றால் மணிக்கு 86,400. ஆக, 86,400 சுற்றை ஒரு சுற்றாகக் குறைக்க வேண்டும்.

இந்த எண்ணை எங்கேயோ பார்த்த ஞாபகம் வருகிறதா? ஒரு நாளில் இருக்கும் நொடிகளின் எண்ணிக்கை அதுதான்!

நாளை எப்படி 60, 60, 24 என்று பிரிக்கிறோமோ, அதே படிகளில் கியர் பாக்ஸை அமைக்கலாம். மோட்டாரின் தண்டில் ஒரு திருகு வெட்டியிருக்கும், ஸ்க்ரூவில் இருக்கும் மரை மாதிரியே. அந்த மரை, 60 பல்லுள்ள ஒரு சக்கரத்தில் மாட்டிக்கொண்டிருக்கும். திருகு ஒரு முழுச்சுற்று சுற்றினால் சக்கரத்தின் ஒரே ஒரு பல் நகரும். சக்கரம் ஒரு சுற்று முடிக்கத் திருகு 60 சுற்று சுற்றியாக வேண்டும். பட்டறையில் இதை 'வார்ம் கியர்' என்பார்கள். கிட்டாரின் தந்தியை முறுக்கும் குமிழுக்குள் இருப்பதும் இதுவே.

இப்போது பாருங்கள். மோட்டார் நொடிக்கு 24 சுற்று. முதல் வார்ம் கியரைத் தாண்டினால் நிமிடத்துக்கு 24 சுற்று. இன்னொரு வார்ம் கியரைத் தாண்டினால் மணிக்கு 24 சுற்று. அந்தத் தண்டில் ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரத்தை மாட்டி, 24 மீட்டர் விட்டமுள்ள வளையத்தின் அடித்தடத்தோடு ஒட்டி ஓடவிட்டால் மணிக்கு ஒரே சுற்று. நொடிக்கு 24, நிமிடத்துக்கு 24, மணிக்கு 24, கடைசியில் ஒன்று. கடிகாரத்தில் நொடி முள் 60 சுற்று சுற்றினால் நிமிட முள் ஒரு சுற்று சுற்றுகிறதே, அதே தர்க்கம். மணிக்கு ஒரு சுற்று சுற்றும் உணவகத்தில் நீங்கள் உட்கார்ந்திருப்பது நிமிட முள்ளின் மேல்தான்.

வார்ம் கியரின் இன்னொரு அழகு, அது ஒருவழிப் பாதை. திருகு சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்தைப் பிடித்து எவ்வளவு அழுத்தினாலும், இவ்வளவு பெரிய குறைப்பில், திருகு சுற்றாது. மோட்டாரை அணைத்தால் வளையம் அந்த இடத்திலேயே நின்றுவிடும். தந்தி எவ்வளவு இழுத்தாலும் கிட்டாரின் குமிழ் தளராததும் இதனால்தான்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். பக்கவாட்டில் வெட்டித் திறந்த ஒரு பழைய கியர் பாக்ஸும், கையால் சுற்ற ஒரு கைப்பிடியும் இருந்தால் இதையெல்லாம் பத்து நிமிடத்தில் ஒரு பிள்ளைக்குப் புரியவைத்துவிடலாம். பழைய இரும்புக் கடையிலேயே கிடைக்கும். எத்தனை அரசுப் பள்ளிகளில் அது இருக்கிறது? அறிவியல் கண்காட்சிக்கு வருடா வருடம் தெர்மாகோல் வாங்குகிற காசில் வாங்கிவிடலாம். கையால் சுற்றிப் பார்க்காத பல்சக்கரம் புத்தகத்தில் வெறும் படமாகவே நின்றுவிடுகிறது. எனக்கு அப்படித்தான் நின்றது, கல்லூரிப் பட்டறைக்குப் போகும்வரை.

கியர் வேகத்தைக் குறைக்கும்போது விசையைக் கூட்டுகிறது. இது முக்கியம். மோட்டாரின் திறனில் மூன்றில் இரண்டு பங்கு கியர்களில் சூடாக வீணானாலும், மிச்சமுள்ள 250 வாட்டை நொடிக்கு 2.6 சென்டிமீட்டர் என்ற வேகத்தால் வகுத்துப் பாருங்கள். விளிம்பில் ஏறக்குறைய ஒரு டன் எடைக்கு நிகரான விசை வருகிறது. மெதுவாக நகர்வது மென்மையாக நகர்கிறது என்று அர்த்தமல்ல. 2017-இல் அமெரிக்காவின் அட்லாண்டாவில், சுழலும் தரைக்கும் சுவருக்கும் இடையில் சிக்கி ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் இறந்துபோனான். இதைப் படிக்கும் பெற்றோர்கள், சுழலும் பகுதியும் நிற்கும் பகுதியும் சந்திக்கிற கோட்டின் அருகே குழந்தைகளை விளையாட விடாதீர்கள். அசையாதது போலத் தெரியும் இடம்தான் அங்கே ஆபத்தான இடம்.

தலை ஏன் சுற்றவில்லை? உள்காதில் மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் திரவம். தலை திரும்பும்போது திரவம் சற்றுப் பின்தங்கி, அங்குள்ள நுண்ணிய முடிகளை வளைக்கும். அதுதான் மூளைக்குப் போகும் செய்தி. ஒரே வேகத்தில் சுழன்றுகொண்டே இருந்தால் சிறிது நேரத்தில் திரவமும் சேர்ந்து சுழன்றுவிடும், செய்தி நின்றுவிடும். காது உணர்வது சுழற்சியின் மாற்றத்தைத்தான். அதிலும் நொடிக்குப் பத்தில் ஒரு பாகை என்ற வேகம் காதின் உணர்வெல்லைக்கு மிகக் கீழே. ரங்கராட்டினத்தில் வெளியே தள்ளும் உணர்வும் இங்கே கிடையாது. புவியீர்ப்போடு ஒப்பிட்டால் இரண்டு லட்சத்தில் ஒரு பங்குகூட வராது. தம்ளரில் காபியின் மட்டம் ஒரு பக்கம் உயரும்தான், ஒரு தலைமுடியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லாத அளவுக்கு.

வேகத்தைக் கூட்டியும் பார்த்திருக்கிறார்கள். பெர்லின் கோபுரத்தில் முதலில் மணிக்கு ஒரு சுற்று, பிறகு அரை மணிக்கு ஒன்று. லண்டன் கோபுரத்தில் 1966-லேயே 22 நிமிடத்தில் ஒரு சுற்று. சாப்பிட்டு முடிப்பதற்குள் நகரம் ஒருமுறையாவது முழுதாகத் தெரிந்துவிட வேண்டும் என்பதுதான் கணக்கு.

வாசகியின் கடிதத்தில் இன்னொரு வரி இருந்தது. அவருடைய மாமியார் எப்போதும் கிழக்குப் பார்த்து உட்கார்ந்துதான் சாப்பிடுவார். அங்கேயும் திசை பார்த்து உட்கார்ந்தார், குழம்பு சாதம் முடிவதற்குள் திசை மாறிவிட்டது, அன்று முழுக்கச் சங்கடப்பட்டார் என்று எழுதியிருந்தார். அவரிடம் சொல்லுங்கள், அம்மா, இரைப்பைக்குத் திசை தெரியாது. வயதான காலத்தில் நல்ல சாப்பாட்டை மனக்கலக்கத்தோடு சாப்பிட வைக்கிற நம்பிக்கை எதுவாக இருந்தாலும் எனக்கு அதன்மேல் கோபம்தான் வருகிறது.

வாய்ப்பிருந்தால் ஒருநாள் சியாட்டிலுக்கும் போய்வர வேண்டும் என்று எனக்கு ஆசை. 2018-இல் புதுப்பித்தபோது அங்கே சுழலும் தரையையே கண்ணாடியாக்கிவிட்டார்கள். காலடியில் நகரமும் தெரியும், வளையத்தைச் சுற்றும் இயந்திரமும் தெரியும்.

உங்கள் மகளுக்கு ஒரு வேலை, அடுத்த முறைக்கு. சன்னல் சட்டத்தில் ஒரு புள்ளியைக் குறித்துக்கொண்டு, சரியாக ஒரு நிமிடத்தில் தரை அதைவிட்டு எவ்வளவு தள்ளிப் போகிறது என்று நூலால் அளக்கச் சொல்லுங்கள். டெல்லியில் ஒரு சுற்று 90 நிமிடம், அதனால் அந்த நீளத்தை 90-ஆல் பெருக்கினால் சுற்றளவு. ஒரு மீட்டர் வந்தால் 90 மீட்டர். அதை 6.28-ஆல் வகுத்தால் ஆரம், 14 மீட்டருக்குக் கொஞ்சம் மேல். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கூடத்தின் அளவு கையில். என்ன வந்தது என்று எனக்கு எழுதச் சொல்லுங்கள்.